பலகையைப் பிடித்தவள்

பெரிஸ்கோப்பின் கண்ணாடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

பறவை எச்சமாக இருக்கும் என்றுதான் ஹார்ட்விக் முதலில் நினைத்தான். எட்டாயிரம் மீட்டர் உயரம். இரண்டு பக்கமும் ஜெட் என்ஜின்கள் ஒரே சுருதியில் ஊளையிட்டுக்கொண்டிருந்தன. ஆக்சிஜன் முகமூடியின் ரப்பர் வாடையும் எரிபொருளின் நெடியும் கலந்து தொண்டையில் கசந்தது. கீழே மார்ச் மாதத்து ஜெர்மனியின் பிராண்டன்பர்க் சமவெளி, உருகாத பனித் திட்டுகளோடு பழுப்பும் கறுப்புமாக நகர்ந்தது. அந்த விமானத்தின் முகப்பு முழுக்கக் கண்ணாடி. முட்டைக்குள் உட்கார்ந்திருப்பதுபோல விமானி ஒருவன் மட்டும் அதில் இருப்பான். முன்னால் தெரியும், காலடியில் தெரியும், இடமும் வலமும் தெரியும். முதுகுக்குப் பின்னால் மட்டும் இரும்புச் சுவர். அதற்கு அப்பால் எரிபொருள் தொட்டி. பின்னால் என்ன வருகிறது என்று பார்க்க அவனுக்கு இருந்த ஒரே வழி, தலைக்கு மேலிருந்து நெற்றிக்கு முன்னால் இறங்கியிருந்த பெரிஸ்கோப்தான். நெம்புகோலைத் திருப்பினால் அதன் கண் பின்பக்கம் திரும்பும். வாலுக்கு அடியில் பின்னோக்கிப் பொருத்தியிருந்த இரண்டு துப்பாக்கிகளுக்கும் அதுவே குறிபார்க்கும் கண்.

கண்ணாடியில் ஒட்டிய அழுக்கு என்றால், விமானம் எப்படித் திரும்பினாலும் அது இருந்த இடத்திலேயே இருக்கும். ஹார்ட்விக் இடப்பக்கம் சாய்த்துத் திருப்பினான். வெள்ளைப் புள்ளி மெல்ல நழுவிக் கண்ணாடியின் ஓரத்துக்குப் போனது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மறுபடி நடுவுக்கு வந்துவிட்டது. வளைவில் சற்றுப் பின்தங்கி, பிறகு எட்டி நடந்து வந்து சேர்ந்துகொள்கிறவர்களைப் போல.

சதுரமாக இருந்தது.

அவன் தரையிறங்கியபோது, வேகம் தணிக்க வால் பக்கம் விரிந்த பாராசூட்டைச் சுருட்ட வந்த ஆட்களோடு கூல்மனும் வந்தார். ஆயுதப் பிரிவு சார்ஜென்ட், ஐம்பது வயது, மூக்கு நுனியில் கண்ணாடி. ஏணி போட்டு ஏறிப் பெரிஸ்கோப்பின் தலையைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார்.

"துடைச்சு வச்ச மாதிரி இருக்கு சார். உங்க கண்ணத்தான் துடைக்கணும்."

"ஏதோ வெள்ளையா இருந்துச்சு கூல்மன்."

கைக்குட்டை நின்றது. கூல்மன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ராத்திரி தூங்குறீங்களா இல்லையா?"

"தூங்குறேன்."

"நானுந்தான்," என்றார் கூல்மன். இரண்டு பேருடைய கண்களும் சிவந்திருந்தன.

இறங்கும்போது, தான் பேச வந்தது அதுவே அல்ல என்பதுபோல, அவர் இன்னொன்றும் சொன்னார். "அந்தத் தங்கச்சிக்காரியை இன்னும் உருளைக்கிழங்கு நிலவறையிலதான் பூட்டி வச்சிருக்காங்களாம். அக்கா எங்க ஓடினான்னு சொல்ற வரைக்கும் சோறு கிடையாதாம். சொல்லலேன்னா சனிக்கிழமை லாரியில ஏத்திருவாங்களாம்."

அந்த லாரி எங்கே போகும் என்று இருவரும் பேசவில்லை. அதில் போன யாரும் திரும்பி வந்ததில்லை என்பது மட்டும் அந்த விமானத்தளத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"அவளுக்கு என்ன தெரியும்?" என்றான் ஹார்ட்விக்.

"ஒண்ணும் தெரியாது சார். நமக்குத்தான தெரியும்."

*

நடந்தது இதுதான்.

அந்தத் துப்பாக்கிகளைக் குறி சேர்ப்பதற்கு ஒரு வெள்ளைப் பலகை உண்டு. ஒரு ஆள் உயரம், நடுவில் கறுப்புச் சிலுவைக் குறி. விமானத்தின் வாலுக்கு நேர் பின்னால், நூறு மீட்டர் தள்ளி, மண்மேட்டின் அடியில் அதை நிறுத்துவார்கள். விமானி உள்ளே உட்கார்ந்து பெரிஸ்கோப்பில் அந்தச் சிலுவையைப் பிடிப்பான். கூல்மன் துப்பாக்கிகளின் வாயை அதற்கு நேராகத் திருகி வைப்பார். பிறகு துப்பாக்கிகள் காலிதானா என்று திறந்து பார்த்துவிட்டு முன்பக்கம் வந்து, வெறுங்கை இரண்டையும் விரித்துக் காட்டி, "காலி!" என்று கத்துவார். அதற்குப் பிறகுதான் விமானி பொத்தானை அழுத்தி, மின்சாரம் ஓடுகிறதா என்று சோதிக்க வேண்டும். டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். அவ்வளவுதான் வேலை.

புதிதாக வந்த விமானிகள் அந்தத் துப்பாக்கிகளைப் பார்த்துச் சிரிப்பார்கள். "ஓடுறவனுக்குன்னே செஞ்சது சார் இது," என்று கூல்மனே சொல்லுவார். "சுட்டவன் மூஞ்சிய சுடப்பட்டவன் பாக்கவே வேண்டாம்."

பலகையை நிறுத்த மூன்று கால் மரச்சட்டம் ஒன்று இருந்தது. நல்ல பீச் மரம், வழவழப்பாக இழைத்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவன் மனைவி வீப்கே, குழந்தையின் துணி எதுவும் உலரவில்லை, அடுப்படியில் கட்டிய கயிறு அறுந்து எல்லாம் சாம்பலில் விழுந்துவிட்டது என்று அழாத குறையாகச் சொன்னபோது, ஹார்ட்விக்குக் கண்முன் வந்தது அந்தச் சட்டம்தான். இருட்டிய பிறகு சைக்கிளில் கட்டி எடுத்துப்போனான். கூல்மன் பார்த்தார். பார்த்துச் சிரித்தார்.

"எடுத்துட்டுப் போங்க சார். கிழக்கிலேர்ந்து கொண்டுவந்த பொண்ணுங்க இத்தனை பேரு இருக்காளுங்க. பலகைய எவளாவது பிடிச்சுக்கிட்டு நிப்பா."

அப்படித்தான் மோத்ரியா வந்து நின்றாள். ஓடுபாதையில் குண்டு விழுந்த குழிகளை மூடும் பெண்களில் ஒருத்தி. கிழக்கிலிருந்து பிடித்து வந்தவள் என்று காட்ட நெஞ்சில் நீலத் துண்டு தைத்த கோட்டு. மரச்செருப்பு. ஒரு செருப்பின் அடி தேய்ந்துபோனதால் அதில் சிவப்பு ரப்பர் துண்டு ஒன்றை ஆணியடித்திருந்தாள். நடந்தால் ஒரு கால் டொக்கென்றும் ஒரு கால் தொப்பென்றும் கேட்கும். பலகை அவளைவிட உயரம். பின்னால் நின்று இரு ஓரங்களையும் பிடித்துக்கொண்டால், இந்தப் பக்கத்திலிருந்து எட்டு விரல்களும் இரண்டு கால்களும் மட்டுமே தெரியும். இரண்டு மூன்று மாதம் அவளைப் பெரிஸ்கோப்பில் பார்த்திருந்தும், ஹார்ட்விக்குக் கடைசிவரை அவள் முகம் நினைவில் நிற்கவில்லை.

திங்கட்கிழமை மகள் கேசாவுக்கு முதல் பிறந்தநாள். வீப்கே எங்கெங்கோ கெஞ்சி நான்கு முட்டை வாங்கி வைத்திருந்தாள். மூன்று மணிக்குக் கேக்கு. சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும். சிலுவை நேராக வந்துவிட்டது. கூல்மன் முன்னால் வரவில்லை. எங்கேயோ தன் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். முந்தின நாள் வானில் சுட்டுப் பார்ப்பதற்காகக் குண்டு ஏற்றி, மேகமூட்டத்தால் அது நடக்காமல் போனதை இருவருமே மறந்திருந்தார்கள்.

"காலி" என்ற சொல்லுக்காக அவன் காத்திருக்கவில்லை. கட்டைவிரலை வைத்து அழுத்தினான்.

டிக் என்று கேட்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் இரும்புச் சுவர் உதைத்தது. கண்ணாடிக்குள் பலகை ஒருமுறை துள்ளியது. துள்ளிவிட்டு, நம்பவே முடியாத நிதானத்தோடு, தனியாக ஒரு கணம் நின்றது. பின்பு விழுந்தது.

பக்கத்திலேயே குண்டுக்குழி. மற்றப் பெண்கள் ஓடுபாதையின் மறுகோடியில் இருந்தார்கள். துப்பாக்கிச் சத்தம் அங்கே தினமும் கேட்பதுதான். கூல்மன் மண்வெட்டியோடு குழிக்குள் இறங்கி, அவள்மேல் மண்ணைத் தள்ளிவிட்டு ஏறினார். "வெளிய தெரிஞ்சா, குண்டு எப்படி வெடிச்சுதுன்னு கேப்பாங்க சார். ஏத்தினதை யார் இறக்கலேன்னு கேப்பாங்க. உங்களையும் என்னையும் நேரா போர்முனைக்கு அனுப்பிருவாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "மரச்சட்டம் எங்கன்னும் கேப்பாங்க," என்றார்.

செத்தவளைப் பற்றி யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரிந்தே இருந்தது. அவளுக்காக அவர்கள் பயப்படவில்லை. அந்த மரச்சட்டத்துக்காகத்தான் ஹார்ட்விக் தலையாட்டினான்.

பிற்பகல் அந்தக் குழியை மூட வந்த பெண்களில் அவள் தங்கை ஒடார்காவும் இருந்தாள். சாயங்காலக் கணக்கெடுப்பில் ஒருத்தி குறைந்தாள். ஓடிவிட்டாள் என்றார்கள்.

ஹார்ட்விக் அன்று கேக்கு சாப்பிட்டான். இரண்டு துண்டு.

*

வியாழக்கிழமை வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. மேலே ஏறியதும் அவன் பெரிஸ்கோப்பை முன்பக்கமாகவே வைத்துக்கொண்டான். பார்க்காவிட்டால் இல்லை. ஆனால் பின்னால் பார்க்காமல் பறக்கிற விமானி உயிரோடு இறங்க மாட்டான். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அவன் ஐந்து நிமிடம் தள்ளினான். பிடரியில் ஈரக்காற்று பட்டதுபோல இருந்தது. அங்கே காற்று வர வழியில்லை. ஈரமண் வாசனை. எட்டாயிரம் மீட்டரில், முகமூடிக்குள், அப்போதுதான் வெட்டிப் புரட்டிய மண்ணின் வாசனை.

நெம்புகோலைத் திருப்பினான்.

பலகை நூறு மீட்டர் பின்னால் நின்றது. மணிக்கு எழுநூறு கிலோமீட்டர் வேகத்தில் அவன் போய்க்கொண்டிருந்தான். அது நின்றுகொண்டிருந்தது. காற்றில் ஆடவில்லை. கறுப்புச் சிலுவை நேராக இருந்தது, கூல்மன் இவ்வளவு நேராக ஒருநாளும் வைத்ததில்லை. சிலுவைக்குச் சற்றுக் கீழே ஒரு துளை. துளை வழியாக வானம் தெரிய வேண்டும்.

வானம் தெரியவில்லை.

ஓரங்களில் விரல்கள். இந்தப் பக்கம் நான்கு. அந்தப் பக்கம் நான்கு. நகங்களில் சிமெண்டு. பலகையின் கீழே ஒரு காலில் மரச்செருப்பு, மறுகால் வெறுங்கால்.

அவனுடைய கட்டைவிரல் தானாகப் பொத்தானுக்குப் போயிற்று. அதை அவனே பார்த்தான். பார்த்து, சுடுநீர் பட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டான். பயத்தைவிட அதுதான் அவனை அதிகம் கலங்க வைத்தது. அவள் எதிரே நின்றதும் அவனுக்குச் செய்யத் தோன்றியது மறுபடியும் அது ஒன்றுதான்.



வீட்டில் வீப்கே முட்டைக்கோஸ் சூப்பை ஊற்றி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அந்தி வெளிச்சம் ஜன்னல் கண்ணாடியில் மங்கிக்கொண்டிருந்தது. கேசா தரையில் கரண்டியால் வாளியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். துணி காயப்போடுற சட்டத்தை நீயா நகத்துற?"

"நான் ஏன் நகத்துறேன்?"

"தினம் நான் அடுப்புப் பக்கத்துலதான் வைக்கிறேன். தினம் சாயங்காலம் பாத்தா உன் நாற்காலிக்குப் பின்னால நிக்குது. இதோ பாரு."

அவன் திரும்பவில்லை. ஈரத்துணியின் குளிர்ச்சி முதுகில் உறைத்தது.

"கேசா இழுத்திருப்பா," என்றான்.

"நிக்கவே தெரியல, இவ இழுத்தாளாம்!" வீப்கே சிரித்தாள். சிரிப்பினூடே கை நீட்டி அவன் கன்னத்தைத் தொட்டாள். "ஏன் இப்படி இருக்க? திங்கக்கிழமையிலேர்ந்து என் மூஞ்சியப் பாத்தே பேசமாட்டேங்கிற. நான் ஏதாவது பண்ணிட்டேனா?"

"இல்ல."

"அந்தச் சட்டம் மட்டும் இல்லேன்னா இந்தக் குளிர்காலத்துல நான் பைத்தியமாயிருப்பேன், தெரியுமா? எங்க அம்மாவுக்கு எழுதினேன். என் வீட்டுக்காரன் எங்கேயோ அலைஞ்சு எனக்காகக் கொண்டு வந்தான்னு." அவள் குரலில் இருந்த பெருமை, சூப்பிலிருந்து எழுந்த ஆவியைப்போல அவன் முகத்தில் வந்து அடித்தது. காது மடல் வரை எரிந்தது. கரண்டியை வைத்துவிட்டான். நாளைக்குச் சொல்லிவிடுவேன் என்று அந்த நிமிடத்தில் முடிவு செய்தான். மேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அந்தத் தங்கையையாவது வெளியே விடட்டும்.

அவனுக்குப் பின்னால் ஈரத்துணியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. டொக். தொப். டொக். தொப்.

*

வெள்ளிக்கிழமை மேஜர் தன் அறையில் கால்களை வெந்நீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வா ஹார்ட்விக். என் காலைப் பாக்காத, ஜெர்மன் ராணுவத்து மானம் போயிரும். குட்டிப் பொண்ணு எப்படி இருக்கா? நடக்கறாளா?"

"இன்னும் இல்ல மேஜர் சார்."

"நடந்திருவா. என் பொண்ணு முதல்ல நடந்தப்ப நான் பக்கத்துல இல்ல. நீயாவது இரு." அவர் துண்டை எடுத்தார். "சொல்லு, என்ன விஷயம்?"

வழியெல்லாம் வாயில் வைத்துக்கொண்டு வந்த வாக்கியம் நாக்கில் இருந்தது. மோத்ரியா ஓடவில்லை. இரண்டே சொல்.

"அந்த வெள்ளைப் பலகை விஷயமா..."

"அட, நானே கேக்கணும்னு இருந்தேன். அதுக்கு ஒரு மரச்சட்டம் இருந்துச்சே, எங்க அது?"

வாளியில் தண்ணீர் சலசலத்தது. மேஜரின் கேள்வியில் சந்தேகம் எதுவும் இல்லை. வீட்டில் குடையைத் தேடுகிறவர் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"உடைஞ்சு போச்சு சார்," என்றான் ஹார்ட்விக். "அதான்... பலகையப் பிடிக்க ஒரு ஆள் வேணும்."

"பிடிச்சவதான் ஓடிட்டாளே."

"அவ தங்கச்சி இருக்கா."

மேஜர் விரலிடுக்கைத் துடைத்தபடி யோசித்தார். "சரி, எடுத்துக்க. லாரியில ஒரு இடம் மிச்சம்."

வெளியே வந்தபோது அவனுக்கு அழுகைபோல ஒரு நிம்மதி வந்தது. காப்பாற்றிவிட்டேனே. லாரியில் போகாமல் தடுத்துவிட்டேனே. நாலு எட்டு வைத்ததும்தான் தான் செய்தது என்ன என்பது உறைத்தது. ஒருத்தி நின்ற இடத்தில் அவள் தங்கையை நிறுத்தியிருந்தான். மரச்சட்டத்துக்குப் பதிலாக. மறுபடியும்.

*

சனிக்கிழமை காலை ஒடார்காவை மண்மேட்டருகே கொண்டுவந்து விட்டார்கள். நிலவறை இருட்டிலிருந்து வந்தவள் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். பத்தொன்பது இருபது வயதிருக்கும். பலகையை இரண்டு கையாலும் தூக்கி நிறுத்தினாள். துளையிருந்த இடத்தில் கூல்மன் தகரம் அடித்து வெள்ளை பூசியிருந்தார்.

ஹார்ட்விக் உள்ளே ஏறி நெற்றியைப் பெரிஸ்கோப்பில் பதித்தான். சிலுவை தெரிந்தது. பலகையின் ஓரங்களில் விரல்கள் தெரிந்தன.

எண்ணினான்.

இந்தப் பக்கம் எட்டு. அந்தப் பக்கம் எட்டு.

கண்ணை மூடித் திறந்தான். எட்டு. எட்டு. ஒடார்காவின் விரல்கள் குளிரில் சிவந்திருந்தன. அவற்றுக்கு மேலே, கீழே விழாமல் தாங்கிக்கொடுப்பதுபோல, நகங்களில் சிமெண்டு படிந்த விரல்கள் இருந்தன. பலகையின் கீழே மூன்று செருப்பு. ஒரு வெறுங்கால்.

"காலி!" முன்னால் கூல்மன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "காலி சார்! நானே மூணு தடவை பாத்துட்டேன்! அழுத்துங்க!"

அவன் அழுத்தவில்லை. கூல்மன் ஏணியில் ஏறி வந்து கண்ணாடியைத் தட்டினார். "எல்லாரும் பாக்கறாங்க சார். அழுத்துங்க." கட்டைவிரலை வைத்தான். டிக். அந்தச் சத்தத்துக்கு அவன் உடம்பு முழுக்கத் தூக்கிப்போட்டது.

கண்ணாடிக்குள் இப்போது எட்டு விரல்கள் மட்டும் இருந்தன. இரண்டு கால்கள். சிவந்த, உயிருள்ள விரல்கள். மற்றது போய்விட்டது. அவன் பெரிஸ்கோப்பை அங்குலம் அங்குலமாகத் திருப்பித் தேடினான். மண்மேடு, புல், மூடிய குழி, வானம். எங்குமே இல்லை. விமானத்தை விட்டுப் போய்விட்டாள்.

அவன் இறங்கியபோது ஒடார்கா பலகையைப் புல்லில் சாய்த்துவிட்டு அவனை நோக்கி வந்துகொண்டிருந்தாள். கையில் எதையோ ஏந்தியிருந்தாள். மரச்செருப்பு. அடியில் சிவப்பு ரப்பர். மண்மேட்டின் அடியில் காய்ந்த புல்லுக்குள் கிடந்திருக்க வேண்டும். கூல்மனின் மண்வெட்டிக்கு அது தப்பியிருந்தது.

"இது எங்க அக்காவோடது," என்றாள். கற்றுக்கொண்ட மொழியில் சொல் சொல்லாக எடுத்து வைத்தாள். "நான்தான் ஆணி அடிச்சுக் கொடுத்தேன். ஐயா, ஒத்தச் செருப்போட யாரு ஓடுவா?"

ஹார்ட்விக் செருப்பைப் பார்த்தான். ரப்பரைச் சுற்றிச் சின்னச் சின்னதாக ஏழு ஆணிகள். ஒரு ஆணி மட்டும் கோணலாக இருந்தது. அவள் கேட்டது மிரட்டல் இல்லை. குற்றச்சாட்டுகூட இல்லை. உருளைக்கிழங்கு நிலவறையில் ஐந்து நாள் பட்டினி கிடந்தவள், தெரிந்தவரிடம் வழி கேட்பதுபோலக் கேட்டாள். இப்போது சொன்னால் போதும். இந்த ஒருத்தியிடம் மட்டும். வேறு யாருக்கும் கேட்காது.

"எனக்குத் தெரியாது," என்றான்.

அவள் அவன் கண்களைத் தேடினாள். அவன் தரையைப் பார்த்தான். பிறகு அவள் தலை மெல்லத் திரும்பியது. திங்கட்கிழமை பிற்பகல், தன் கையாலேயே மண் அள்ளிப் போட்டு, மிதித்து மிதித்துச் சமப்படுத்திய குழியின் பக்கம்.

அவள் கத்தவில்லை. செருப்பை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அவன்தான் நடந்து போய்விட்டான். ஏறக்குறைய ஓட்டமாக.

*

சனிக்கிழமை குளியல் நாள். வீட்டில் சமையலறை முழுக்க ஆவி. வீப்கே தகரத் தொட்டியில் கேசாவைக் குளிப்பாட்டித் துவட்டி, வெதுவெதுப்பான சட்டை போட்டுத் தரையில் விட்டிருந்தாள். சோப்பு வாசனை. அடுப்பில் பைன் விறகு வெடித்தது. ஜன்னலில் இன்னும் பகல் மிச்சமிருந்தது.

"ஷேவ் பண்ணிக்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமை," என்றாள் வீப்கே. "தண்ணி சூடா வச்சிருக்கேன்."

ஹார்ட்விக் நாற்காலியைச் சுவருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஆணியில் தொங்கிய சின்ன வட்டக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. முகத்தில் நுரை பூசினான். கத்தியை எடுத்தான். உள்ளங்கையால் கண்ணாடியைத் துடைத்தான்.

அவன் தோளுக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

சட்டம்தான். பீச் மரச்சட்டத்தில் வீப்கே போட்டிருந்த படுக்கை விரிப்பு. இரண்டு பக்கமும் தரையை நோக்கி நேராகத் தொங்கியது. அடுப்புப் பொறி பட்டு அதில் ஒரு ஓட்டை விழுந்திருந்தது. நடுவுக்குச் சற்றுக் கீழே.

திரும்பிப் பார்த்தான். சட்டம், விரிப்பு. வேறொன்றும் இல்லை. ஓட்டை வழியே அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது.

கண்ணாடியைப் பார்த்தான்.

விரிப்பின் ஓரத்தில் விரல்கள்.

இந்தப் பக்கம் நான்கு.

அந்தப் பக்கம் நான்கு.

சோப்பு வாசனை போய்விட்டது. மண். ஈரமண். நாக்கில்கூட.

"குக்கூ!" என்றாள் கேசா.

அவள் தொட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். விரிப்பைப் பார்த்துச் சிரித்தாள். முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். திறந்தாள். "குக்கூ!" விரிப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் யாரோ தன் முறைக்கு எட்டிப் பார்க்கக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தாள். பிறகு தொட்டியை விட்டாள்.

"ஐயோ! நடக்கறா!" அடுப்பருகே மண்டியிட்டிருந்த வீப்கே இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டாள். அவள் கண்ணுக்குக் குழந்தை மட்டும்தான் தெரிந்தது. "ஹார்ட்விக்! திரும்பிப் பாரு! உன் பொண்ணு நடக்கறா!"

அவனால் திரும்ப முடியவில்லை. திரும்பினால் அங்கே ஒன்றும் இருக்காது. கண்ணாடியில்தான் இருந்தது. கண்ணாடியை விட்டால் அது என்ன செய்கிறது என்று தெரியாது.

ஒரு அடி.

விரிப்பின் கீழே ஒரு மரச்செருப்பு. ஒரு வெறுங்கால்.

இரண்டு அடி. கேசா கைகளை நீட்டிக்கொண்டு போனாள்.

"திரும்பேன்! என்ன மனுஷன் நீ!" வீப்கே சிரித்துக்கொண்டே அழுதாள்.

கத்தி பிடித்திருந்த அவன் கையில் கட்டைவிரல் அசைந்தது. மரக்கைப்பிடியை அழுத்தியது. விட்டது. மறுபடி அழுத்தியது. அவன் சொல்லிச் செய்ததல்ல. நிறுத்தவும் அவனால் முடியவில்லை.

மூன்றாவது அடியில் குழந்தை விரிப்பை எட்டிப் பிடித்துக்கொண்டாள். அண்ணாந்து பார்த்தாள்.

கண்ணாடிக்குள், நகங்களில் சிமெண்டு படிந்த எட்டு விரல்களும், குழந்தைக்கு முகம் காட்டப்போகிறவர்கள் செய்வதுபோல, விரிப்பை மெல்ல மெல்லக் கீழே இறக்கத் தொடங்கின.